நீலம் திரும்பி வரும் வருடம்

என் மகன் மலாயாவுக்குப் போன வருடம் எங்கள் வீட்டில் பொரித்த குஞ்சுகளின் காலுக்கு நீல வளையம். உலகச் சண்டை தொடங்கிய வருடம் சிவப்பு. அதற்கடுத்தது பச்சை. மற்றவர்கள் வருடங்களை எண்ணால் சொல்கிறார்கள். சித்திரைக்குச் சித்திரை பிறக்கும் பெயரால் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காலம் முழுவதும் கோழிக் கால்களின் நிறமாகத்தான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், சுருவிலில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. சுற்றிவரப் பனையோலை வேலி. ஆனால் வேலி மனிதருக்குத்தான். கோழிக்கு எப்போதும் எங்காவது நுழைய ஒரு ஓட்டை, ஒரு பொட்டு இருக்கும். எங்கள் கோழிகள் காலையில் மேற்கு வளவுக்குள் போய் மேயும், மேற்கு வளவுக் கோழிகள் எங்கள் குசினி வாசலில் வந்து நிற்கும். யாருடையது எது என்று தெரிய எல்லோரும் காலில் ஒரு துணிக்கீலம் கட்டி வைப்பார்கள். நானும் கட்டினேன், மேற்கு வளவு அக்காவும் கட்டினார். கரைச்சல் என்னவென்றால், தலையில் மூட்டையோடு வரும் ஒரே துணிக்காரனிடம், ஒரே சுருளில்தான் இரண்டு வீட்டுக்கும் சீத்தைத் துணி வெட்டி வாங்கியிருந்தோம். கிழிந்த சட்டையில் மிச்சமான கீலமும் ஒன்றாகத்தானே இருக்கும்.

ஒரு நாள் புள்ளிப் பேடு ஒன்று எங்கள் வைக்கோலுக்குள் முட்டை இட்டுவிட்டுக் கேரியது. அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“உது என்ர பேடெல்லே?”

“இல்லை அக்கா, எங்கடை. கால் துணியைப் பாருங்கோ.”

“துணியைத்தான் பாத்தனான். என்ர சட்டைத் துணி.”

“என்ர சட்டையும் அதுதானே.”

“அப்ப கோழியைக் கேப்பம்” என்றார் அக்கா. பொழுது படும்போது அது எந்த வீட்டுக் கூட்டில் போய் அடைகிறதோ அந்த வீட்டுக் கோழி என்று முடிவாயிற்று. இரண்டு பேரும் அவரவர் வாசல் படலையில் நின்று பார்த்தோம். புள்ளிப் பேடு ஒழுங்கையைக் கடந்து, இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்வீட்டுப் பூவரசில் ஏறிக் குந்திவிட்டது. மகன் சிரித்துச் சிரித்து முற்றத்தில் குந்தி இருந்துவிட்டான். அப்போது அவன் படிப்பை முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வளையங்கள் வந்தன. பட்டணத்தில் விவசாயக் கந்தோர்க்காரர் நடத்திய ஒரு காட்சியைப் பார்க்கப் போனவன், திரும்பி வரும்போது ஒரு சிகரெட் பேணி நிறையச் செலுலொயிட் வளையங்கள் வாங்கி வந்தான். மெல்லிய கம்பிச் சுருள்போல இரண்டு சுற்றாக இருக்கும். நுனியை நகத்தால் நிமிர்த்திக் காலில் கொளுவிச் சுற்றினால் தானே மூடிக்கொள்ளும். சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவு. நீலம், சிவப்பு, பச்சை, வெள்ளை, மஞ்சள் என்று ஐந்து நிறம். வருடத்துக்கு ஒரு நிறம் போட்டால் எது எங்களுடையது என்பது மட்டுமல்ல, எதற்கு எத்தனை வயது, எது இனி முட்டை இடாது என்பதெல்லாம் கிட்டப் போகாமலே தெரியும் என்றான்.

மஞ்சள் வளையங்களை மட்டும் அவன் ஒரு கடதாசியில் சுற்றிப் பேணியின் அடியில் வைத்துவிட்டான்.

“இது எங்களுக்கு வேண்டாம் அம்மா. கடைக்காரன் அஞ்சு நிறமும் சேத்துத்தான் குடுப்பனெண்டு தலையிலை கட்டிப்போட்டான். இந்த ஊரிலை மஞ்சளைப் போட்டா வைரவர் படலையடிக்கு வந்திடுவார்.”

அவன் சொன்னது எங்கள் ஊர் வழக்கத்தை. வீட்டில் நோய் வருத்தம், வழக்கு, கடற்பயணம் என்று வந்தால் ஒரு கோழியைப் பிடித்து, மஞ்சள் தண்ணீரில் தோய்த்த துணியை அதன் காலில் கட்டி, வைரவரை நினைத்து நேர்ந்து விடுவார்கள்; அதற்குப் பெயர் நேர்த்தி. அதற்குப் பிறகு அந்தக் கோழி வீட்டுக்காரருடையது அல்ல. விற்கக் கூடாது, கறியாக்கக் கூடாது, அதன் முட்டையும் கூடாது. யார் வளவுக்குள் போனாலும் அதைக் கலைக்க மாட்டார்கள். நினைத்தது நிறைவேறினால் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

முதல் வளையங்களை இரண்டு பேருமாகத்தான் போட்டோம். கோழியை மடியில் வைத்து அதன் தலையை என் கமக்கட்டுக்குள் விடச் சொன்னான்; இருட்டிவிட்டது என்று நினைத்து அது அசையாமல் கிடந்தது. நான் போட்ட முதல் வளையத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“இறுக்கிப் போட்டிட்டியள். ஈர்க்கு விட்டுப் பாருங்கோ.”

விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை முறித்து வளையத்துக்கும் காலுக்கும் இடையில் விட்டுப் பார்த்தான். அது போகவில்லை.

“தளர்த்திப் போட்டுக் கழண்டு விழுந்திட்டா?” என்றேன்.

“விழுந்தா வேறை ஒண்டு போடலாம். இறுகிக் கால் வீங்கினா என்ன செய்யிறது? இது வளர்ற குஞ்சு. நீங்கள் இண்டைக்கு உள்ள காலைப் பாத்துப் போடுறியள்.”

அடுத்ததையும் நான் இறுக்கித்தான் போட்டேன். கழன்று விழுந்துவிடும் என்ற பயம் என் விரலிலேயே இருந்தது. அவன் ஒவ்வொன்றாக வாங்கி, கழற்றி, அடுத்த அளவில் மாற்றிப் போட்டான்.

மறுநாள் அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன தங்கச்சி, கோழியளுக்கெல்லாம் தண்டை போட்டிருக்கிறீர்? சாமத்தியச் சடங்கு எப்ப? எனக்கும் சொல்லும்.”

“பெரியம்மா, உங்கடை கோழிக்கும் போட்டு விடட்டே?” என்று மகன் கேட்டான்.

“வேண்டாமடா தம்பி. என்ர கோழியள் நகை போட்டால் வீட்டிலை தங்காதுகள்.”

அந்த வருட முடிவில் மலாயாவில் ரயில்வேயில் இருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மூலம் அவனுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. எங்கள் தீவுகளில் வீட்டுக்கு ஒருவராவது அந்தப் பக்கம் போன காலம் அது. நாலு வருடம் வேலை செய்தால் நீண்ட லீவு, அதற்கு வந்து போகலாம். புறப்பட முதல் நாள் அவன் பேணியைத் திறந்து, நீலத்தில் மிஞ்சியதை ஒரு நூலில் கோத்து முடிந்தான். பிறகு மற்ற நிறங்களையும் ஒவ்வொன்றாகக் கோத்தான்.

“வாற வருசம் சிவப்பு. பிறகு பச்சை. பிறகு வெள்ளை. பிறகு திரும்ப நீலம். அதுக்குள்ள இந்த நீலக்காரர் எல்லாம் குழம்பாகிப் போடுவினம், குழப்பம் வராது. நீங்கள் திரும்ப நீலம் போடேக்க நான் இஞ்சை நிப்பன், கோழியைப் பிடிக்க.”

ஊர்காவற்றுறைத் துறையில் அவனை மோட்டர் வள்ளத்தில் ஏற்றிவிட்டோம். வள்ளம் விலகும்போது அவன் கையைக் காட்டாமல் தன் காலைத் தூக்கிக் காட்டி, சுண்டுவிரலை ஈர்க்காக விட்டுப் பார்ப்பதுபோலச் செய்தான். கணவருக்கு அது விளங்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிவப்பு வருடமும் பச்சை வருடமும் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. கோழிகளை அவன் விசாரிக்காமல் விட்டதில்லை. வெள்ளை வளையம் போட்ட வருடத்தின் கடைசியில் யப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான் என்று கடையடியில் பேசிக்கொண்டார்கள். மாசி மாதம் சிங்கப்பூரும் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும் இல்லை.

அந்த வருடம் அடைவைத்த குஞ்சுகள் வளையம் போடும் அளவுக்கு வளர்ந்தன. நிறம் நீலம்.

ஒரு பின்னேரம் குசினி வாசலில் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். நூலில் கோத்த நீலம் மேலேயே கிடந்தது. ஒன்றைக் கழற்றி எடுத்து நுனியை நிமிர்த்தி, கோழியின் காலை மற்றக் கையில் பிடித்தேன். நீலம் போட்டால் நாலு வருடம் முடிந்தது என்றாகும். முடிந்தது என்றால் அவன் இங்கே நிற்கவேண்டும், கோழியைப் பிடிக்க. நான் தனியாகவே கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வளையத்தைத் திரும்ப நூலில் கோத்துவிட்டேன். சிவப்பைப் போட்டால் இன்னொரு நாலு வருடம் தொடங்கிவிடும்போல இருந்தது. அதுவும் ஏலாது. குஞ்சுகளை அடையாளம் இல்லாமல் விடவும் முடியாது. பேணியின் அடியில் கடதாசிச் சுருள் கிடந்தது. நிறம்தானே என்று நினைத்தேன். நான் படித்தவள், விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தவள், வைரவரிடம் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கூட்டம் முழுவதற்கும் மஞ்சள் வளையம் போட்டு விட்டேன்.

அடுத்த நாள் காலை அக்கா வந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்ல காரியம் செய்தீர் தங்கச்சி. எல்லாரும் ஒண்டைத்தான் நேருவினம். நீர் முழுக் கூட்டத்தையுமே நேந்து விட்டிட்டீர். பாரும், பெடியன் வருவான்.”

இல்லை அக்கா, இது நிறம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய கண் கலங்கியிருந்தது. சொல்லவில்லை.

நாலைந்து மாதத்தில் அவையும் முட்டை இடத் தொடங்கின. ஒரு நாள் கணவர் சந்தையிலிருந்து முட்டைக் கடகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

“இஞ்சேரும், என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? ஒருத்தனும் முட்டையைத் தொடுறானில்லை. வைரவற்ரை முட்டையாம்.”

“இதிலை பச்சைக்காலுகளின்ரை முட்டையும் கிடக்கே.”

“முட்டைக்குமே வளையம் போட்டிருக்கிறீர், அவங்கள் பாத்து எடுக்க?”

“நிறம்தானே நான் போட்டனான்.”

“எனக்கேன் சொல்லுறீர்? ஊருக்குப் போய்ச் சொல்லும்.” கடகத்தை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். அந்த நேரத்தில் விற்கவும் தின்னவும் ஏலாத ஒரு கூட்டம் கோழிக்கு நான் தவிடு குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கோபித்ததில் பிழையில்லை.

கடைசியில் வைரவர் கோயில் பூசாரியிடமே கேட்டேன். அவர் வயதானவர், மெலிந்த உடம்பு, வெற்றிலை போட்டபடியே பேசுவார். நடந்ததைச் சொன்னேன்.

“மனசிலை நினையாமல் கட்டினால் அது நேர்த்தியில்லை அம்மா. கழட்டிப்போட்டு வேறை நிறம் போடுங்கோ. வைரவர் வழக்கு வைக்கமாட்டார்.”

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் கோழியைப் பிடித்து மடியில் வைத்து, மஞ்சள் வளையத்தின் நுனியை நிமிர்த்தினேன். ஒரு சுற்றுக் கழன்றது. அப்போது ஒரு நினைப்பு வந்தது. இதைக் கழற்றுகிற இந்த நேரம் அவன் எங்கே நிற்கிறான்? என்ன செய்துகொண்டிருக்கிறான்? கை நின்றுவிட்டது. கழன்ற சுற்றைத் திரும்பச் சுற்றிவிட்டேன். பூசாரி சொன்னது சரி, கட்டிய நாளில் அது நேர்த்தியில்லை. இந்தப் பின்னேரம்தான் அது நேர்த்தியாயிற்று. கோழியை இறக்கி விட்டுவிட்டு முதல் முறையாக, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கோயில் இருந்த பக்கமாகக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு பொரித்தவற்றுக்கும் மஞ்சள்தான். பருந்து தூக்கியது, கீரி கடித்தது, தானாகச் செத்தது எல்லாவற்றின் காலிலும் அகப்பட்ட வளையத்தைக் கழற்றிக் கழுவி அடுத்த குஞ்சுக்குப் போட்டேன். அதனால் எது எந்த வருடத்துக் கோழி என்று தெரியாமல் போய்விட்டது. அந்த வருடங்களும் அப்படித்தான். எது முதல், எது பிறகு என்று இப்போது கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, மிஞ்சியிருந்த பழைய வெள்ளை வளையங்களும் வெயில் குடித்துக் குடித்து மஞ்சளாகத் தொடங்கின. “பாத்தீரே, வெள்ளைக்காரரும் சேந்திட்டினம்” என்றார் அக்கா.

ஊரில் யாரும் அந்தக் கோழிகளைக் கலைக்கவில்லை. அவை மிளகாய்க் கன்றைக் கிளறினாலும் “போ ராசாத்தி, போ” என்று சொல்லி மெதுவாகத் திருப்பி விட்டார்கள். ஒரு நாள் புங்குடுதீவிலிருந்து ஒரு பெண் எங்கள் வளவைத் தேடிக்கொண்டு வந்தார். என்னைவிட இளையவர். முந்தானையில் ஒரு பிடி குரக்கன் முடிந்து வைத்திருந்தார். அதைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, “அக்கா, எனக்கு ஒரு குஞ்சு தருவியளே? என்ர அவரும் அந்தப் பக்கம்தான்” என்று கேட்டார். ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். வளையமும் போட்டேன். குஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலுக்குள் நடந்து போனார். அவருடைய கணவர் வந்தாரா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருக்கிறது.

சண்டை முடிந்தது என்று சொன்னார்கள். வேலணையில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது, இன்னொரு வீட்டுக்கு ஆளே வந்தது. எங்களுக்கு ஒன்றுமில்லை. படலை சத்தம் போட்டால் எழும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்க்காமல் இருந்தால் வந்தது யார் என்று இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கலாம் அல்லவா.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தியானம், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். படலை சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை. கோழிகள் செட்டை அடித்துக்கொண்டு ஓடின. பிறகு ஒரு சத்தமும் இல்லை. யார் இப்படிப் பேசாமல் நிற்பது என்று எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் மெலிந்த ஒருவர் துணிப் பையோடு நின்றார். முன்தலை மயிர் கொட்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனம்மா எல்லாம் மஞ்சள்?” என்றான்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுக் கத்திய சத்தம் கடற்கரைவரை கேட்டதாகச் சொன்னார்கள். தோட்டத்திலிருந்து கணவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். வந்தவர் மகனைத் தொடாமல், படலை திறந்து கிடக்கிறது என்று போய் அதைச் சாத்தினார். பிறகு அங்கேயே படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகன் அதிகம் பேசவில்லை. ரயில்வேயில் இருந்தவர்களைச் சயாம் பக்கம் கொண்டுபோனார்கள், காட்டுக்குள் ரயில் பாதை போட்டோம் என்று மட்டும் சொன்னான். சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். ஒரு நாள் அலுமாரியில் இருந்த சிகரெட் பேணியைத் தானே எடுத்துத் திறந்தான். நூலை வெளியே தூக்கிப் பார்த்தான்.

“நீலம் நான் கட்டின கட்டோடை அப்படியே கிடக்கு.”

“ஒண்டைக் கழட்டினனான் தம்பி. திரும்பக் கோத்திட்டன். நீ நிக்கேக்கதானே போடுறது.”

அவன் நூலைப் பேணிக்குள் வைத்து மூடினான். மூடியைச் சரியாகப் பொருத்த அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நேர்த்தி என்றால் கொடுக்கவேண்டும். அக்கா நினைவூட்டினார்: “தங்கச்சி, வைரவர் பாத்துக்கொண்டிருக்கிறார்.” கோயிலில் கொடுத்தால் வெட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மகனிடம் சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது.

“வெட்டுறதெண்டா நான் வரேல்லை அம்மா. எனக்காக ஒண்டையும் வெட்ட வேண்டாம்.”

பூசாரியிடம் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். “பெடியன் சொன்னால் சரி. உயிரோடை விடுவம். அதுவும் குடுத்ததுதான்.”

மிஞ்சியிருந்த மஞ்சள் கோழிகளைப் பெரிய கூடையில் வைத்து மகனும் கணவரும் தூக்கி வந்தார்கள். பூசாரி ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் தெளித்து, வளையத்தைக் கழற்றிச் சூலத்தின் அடியில் வைத்தார். கிழட்டுப் பேடுகள், கால் செதிலெல்லாம் தடித்துப் போனவை. வளையம் இருந்த இடம் மட்டும் குஞ்சுக் கால்போல வெளிறி இருந்தது. எல்லாவற்றையும் கோயில் வெளியில் விட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தோம். வரும் வழியில் நான் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுதுபடும் நேரம் அக்கா கூப்பிட்டார். “தங்கச்சி, ஓடி வாரும். ஒழுங்கையைப் பாரும்.”

எங்கள் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தன. அவசரம் இல்லை, வழி தப்பவும் இல்லை. தோட்டத்தால் வருகிறவர்கள்போல வந்து, எங்கள் படலைக்குக் கீழால் நுழைந்து, கூட்டடியில் நின்றன.

“வைரவரும் கூப்பன் அரிசிதான் போலை” என்றார் அக்கா. “தீன் போட்டுக் கட்டாதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டார்.”

கணவர் சிரித்தார். நான் சிரித்தேன், பிறகு அழுதேன். மகன் சிரிக்கவில்லை. கூட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கடைசிக் கோழி உள்ளே போகும்வரை நின்றான். அவற்றுக்கு நாங்கள் பிறகு ஒரு நிறமும் போடவில்லை. காலில் ஒன்றும் இல்லாதவை கோயிலுக்குப் போய் வந்தவை என்று ஊருக்குத் தெரியும்.

அந்த வருடக் குஞ்சுகளுக்கு நீலம் போட்டோம். அவன்தான் பிடித்தான். குந்தியிருந்து பிடிக்கும்போது சாரம் முழங்காலுக்கு ஏறியது. அவன் முன்காலை அன்றைக்குத்தான் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குத் தசை இல்லை, தோல் பளபளவென்று எலும்போடு ஒட்டியிருந்தது. அவன் நான் பார்த்ததைப் பார்த்தான். சாரத்தை இழுத்து விட்டுக்கொண்டு, கோழியின் காலை என் பக்கம் நீட்டினான். நான் வளையத்தைச் சுற்றினேன். ஈர்க்கை எடுத்து விட்டுப் பார்த்தான்.

“இறுக்கம் அம்மா.”

“ஓம்” என்றேன். அடுத்த அளவை எடுத்தேன்.

அந்த வருடம் முழுவதும் அவன் வீட்டில் இருந்தான். குசினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது காரணம் இல்லாமல் “தம்பி” என்று கூப்பிடுவேன். “நிக்கிறன் அம்மா” என்று கிணற்றடியிலிருந்தோ வேப்பமரத்தடியிலிருந்தோ சொல்வான். என்னவென்று கேட்கமாட்டான். எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. சத்தம் வந்தால் போதும். முந்தி அவன் சிரித்துச் சிரித்து முற்றத்தில் இருந்துவிடுகிறவன். அந்தச் சிரிப்பை நான் அவன் முகத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். ஆள் வந்துவிட்டான், இன்னும் என்ன என்று கணவர் கேட்டார். அவருக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலவில்லை.

இந்த வருடம் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் அவனுக்கு வேலை கிடைத்தது. நல்ல வேலை. போகவேண்டியதுதான். புறப்பட முதல் நாள் பின்னேரம் பேணியை எடுத்தோம். முறைப்படி சிவப்பு. அவன் பிடிக்க நான் போட்டேன். கடைசிக் குஞ்சுக்கு வளையத்தைச் சுற்றினேன். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“தம்பி, இது எத்தினை நிறத்துக்கு?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். பழைய சிரிப்பல்ல, என்றாலும் பல் தெரிந்தது.

“நிறக் கணக்கை விடுங்கோ அம்மா. கொழும்புதானே. இரவு ரயில் ஏறினா விடியக் கோட்டை ஸ்டேசன். தைப்பொங்கலுக்கு வந்திடுவன்.”

“வருவாய்தானே?”

“ஓம் அம்மா. இதின்ரை காலை விடுங்கோ, நோகப்போகுது.”

குனிந்து பார்த்தேன். குஞ்சின் காலை அவ்வளவு நேரமும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துறைக்கு நான் போகவில்லை, கணவர்தான் போனார். இப்போது மார்கழி. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் இன்னும் “தம்பி” என்று கூப்பிட்டுவிடுகிறேன். நேற்று மேற்கு வளவு அக்கா, தன் வாளியை வைத்துவிட்டு வேலிக்கு அங்காலிருந்து, “நிக்கிறன் தங்கச்சி, நான்தான்” என்றார். குஞ்சுகளின் கால் தடித்துவிட்டது. இன்று பின்னேரம் ஒவ்வொன்றாகப் பிடித்து, தலையைக் கமக்கட்டுக்குள் விட்டு, சிறிய சிவப்பு வளையங்களைக் கழற்றி நடு அளவில் மாற்றினேன். ஒவ்வொன்றிலும் ஈர்க்கை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் போகிறது. இரண்டில் மட்டும் கொஞ்சம் இறுக்கம்போல இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அவனையே பார்க்கச் சொல்லவேண்டும்.